பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு பகுதியின் உடல்நலத்துக்கு என்ன செய்ய முடியும்?

கேள்வி இதுதான்: ஒரு குடியிருப்பில் சில நூறு குடும்பங்கள். அக்கறையுள்ள பத்துப் பேர் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்க முடியும், பெரிய பணம் கிடையாது, பத்துப் பேரில் யாரும் மருத்துவர் இல்லை. மக்களின் உடல்நலமும் மனநலமும் மேம்பட என்ன செய்யலாம்? ஒரு மருத்துவ முகாமோடு தொடங்கலாமா?

முகாமோடு தொடங்க வேண்டாம் என்பது என் பதில். ஒரே ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அதே ஆட்கள், ஒரு வருடம் விடாமல் செய்யுங்கள். சிறிய திட்டங்களில் எது பலன் தந்தது, எது தரவில்லை என்று பார்த்தால், பெரும்பாலும் வித்தியாசம் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. நல்ல யோசனைக்கு எங்கும் பஞ்சமில்லை. இரண்டாம் மாதம் யார் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ரத்த அழுத்தத்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் முகாம் என்றதும் முதலில் வருவது அதுதான். உலகில் 30 முதல் 79 வயது வரை உள்ளவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு அது இருப்பதே தெரியாது. இதைக் கேட்டதும், 'அப்படியானால் எல்லோருக்கும் அளந்து சொல்லிவிடுவோம்' என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது: உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருப்பவர்கள் ஐந்தில் ஒருவர்தான். தெரிந்துகொண்டவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது கட்டுப்படவில்லை. முகாமில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்த எண், வீட்டுக்குப் போனதும் ஏதோ ஒரு அலமாரியில் தங்கிவிடுகிறது. மருத்துவரைப் பார்த்தாரா, மாத்திரை ஆரம்பித்தாரா, மூன்றாம் மாதத்தில் 'இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று நிறுத்திவிட்டாரா என்று கேட்க ஆள் இல்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு முயற்சி லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்தது. அங்கே கறுப்பின ஆண்கள் வழக்கமாக முடிவெட்டிக்கொள்ளும் 52 கடைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ள 319 வாடிக்கையாளர்கள் இதில் சேர்ந்தார்கள். ஒரு பகுதிக் கடைகளில், முடிவெட்டுபவர் 'மருத்துவரைப் பாருங்கள், பழக்கங்களை மாற்றுங்கள்' என்று ஊக்கப்படுத்தியதோடு சரி. மற்ற கடைகளுக்குப் பயிற்சி பெற்ற மருந்தாளுநர்களே வந்து, மருத்துவர்களோடு ஒப்பந்தம் வைத்துக்கொண்டு, அங்கேயே மருந்து எழுதி, அடுத்தடுத்த சந்திப்புகளில் அளவைச் சரிசெய்தார்கள். 2018இல் வெளியான முடிவு: 6 மாதத்தில் மேல் அளவு (140/90 என்று எழுதும்போது முதலில் வரும் எண்) முதல் குழுவில் சராசரியாக 9 புள்ளிக்குச் சற்று அதிகமாகவும், இரண்டாவது குழுவில் 27 புள்ளியும் குறைந்திருந்தது. முடிவெட்டிக்கொள்ள எப்படியும் திரும்ப வருவார்கள். நம்பிக்கையும் ஏற்கெனவே அங்கே இருந்தது. சிகிச்சை அந்த இடத்தைத் தேடிப் போனது, அவ்வளவுதான்.

வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் கிராமங்களில் செய்த இன்னொரு சோதனையும் இதையே சொல்கிறது. அரசுச் சுகாதாரப் பணியாளர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் போய் அளந்தார்கள், பேசினார்கள், தேவைப்பட்டவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். இரண்டு வருட முடிவில், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களைவிட இவர்களுக்கு மேல் அளவு 5 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. 5 புள்ளி கேட்கச் சிறியதாக இருக்கும். ஆனால் ஒரு பகுதி முழுக்க அவ்வளவு குறைந்தால் எத்தனையோ பக்கவாதங்கள் வராமலே போகும்.

உங்கள் பத்துப் பேர் இதைச் செய்ய நினைத்தால், தேவையானது மேல்கையில் கட்டும் தரமான கருவி ஒன்று, ஒரு மேசை, முதுகு சாயும் நாற்காலி ஒன்று, ஒரு நோட்டு. அளக்கும் முறையில் மட்டும் சலுகை கூடாது. வந்தவர் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும், பாதம் தரையில் படிந்திருக்க வேண்டும், கை மேசையில் நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும், பட்டையைச் சட்டைமேல் கட்டாமல் தோலில் கட்ட வேண்டும், அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபியோ புகையோ கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து எழுதுங்கள். வேறு வேறு நாட்களில் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். 180/120ஐத் தொட்டால் சற்று ஓய்வு கொடுத்து மறுபடி அளந்து பாருங்கள். குறையாவிட்டால் அன்றே மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம், பார்வை மங்கல் என்று ஏதாவது இருந்தால் மறுபடி அளக்கக்கூடக் காத்திருக்க வேண்டாம், உடனே அவசரச் சிகிச்சைக்குக் கொண்டு போக வேண்டும்.

நோட்டில் பெயர், எண், தேதி என்று மூன்று பத்திகள் போதும் என்று நினைப்பார்கள். இன்னும் இரண்டு வேண்டும்: 'மருத்துவரைப் பார்த்தாரா?', 'மருந்து தொடர்கிறதா?'. உண்மையான வேலை அந்த இரண்டு பத்திகளில்தான் இருக்கிறது. பதில் 'இல்லை' என்று வந்தால் திட்டக் கூடாது. ஏன் என்று கேளுங்கள். தூரமா, செலவா, பயமா, மாத்திரை சாப்பிட்டதும் தலைசுற்றியதா? ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. கூட ஒருவர் துணைக்குப் போனாலே பாதிப் பேருடைய தயக்கம் கரைந்துவிடும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை, மிக முக்கியமானது. ரத்தச் சர்க்கரையும் சேர்த்துப் பார்ப்போம் என்று ஆசைப்படுபவர்கள், விரலில் குத்தும் கருவியை ஒருவருக்கு மேல் பயன்படுத்திவிடக் கூடாது. ஊசிமுனையை மாற்றினாலும் பேனா போன்ற அந்தக் கருவியைப் பகிர்ந்துகொள்வதாலேயே கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி பரவியிருக்கிறது. முறையான பயிற்சியும், ஒருமுறை பயன்படுத்தி எறியும் குத்தூசியும், கழிவை அப்புறப்படுத்த வழியும் இல்லாவிட்டால் அதைத் தொடவே வேண்டாம். அதேபோல மருந்து, சத்துமாத்திரை எதையும் நீங்கள் பரிந்துரைக்காதீர்கள்.

சரி, நோய் கண்டறிவதை விட்டுவிட்டுப் பேச்சுக்கு வருவோம். பேச்சினால் உயிர் பிழைக்குமா என்றால், பிழைக்கும் என்பதற்கு இந்தத் துறையில் எனக்குத் தெரிந்த மிக வலுவான சான்று பெண்கள் குழுக்கள்தான். நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் தொடங்கிய முறை அது. அந்த ஊரிலேயே வசிக்கும் ஒரு பெண், சுகாதாரப் பணியாளராக இல்லாதவர், மாதம் ஒருமுறை பெண்களைக் கூட்டுவார். பிரசவத்தின்போதும் அதற்குப் பிறகும் தாய்க்கும் பச்சிளம் குழந்தைக்கும் என்ன ஆபத்துகள் வருகின்றன என்று அவர்களே பேசுவார்கள். படங்கள், கதைகள் வழியாகப் பேச்சு நகரும். பிறகு எது முதலில் தீர வேண்டும் என்று அவர்களே முடிவு செய்வார்கள், அதைச் செய்வார்கள், பலித்ததா என்று அவர்களே உட்கார்ந்து பார்ப்பார்கள். ஒரு குழு அவசரத்துக்குப் பணம் சேர்க்கும். இன்னொன்று வண்டி ஏற்பாடு செய்யும். இன்னொன்று தூய்மையான பிரசவப் பொருட்களைத் தயாராக வைத்திருக்கும். 2004இல் முடிவு வந்தபோது, குழுக்கள் இருந்த பகுதிகளில் பச்சிளம் குழந்தை இறப்பு 30 சதவீதம் குறைவாக இருந்தது.

ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் பழங்குடி மக்கள் அதிகம் வாழும் மாவட்டங்களில் ஏக்ஜுட் என்ற அமைப்பு இதே முறையைச் செய்தது. 2010இல் வெளியான முடிவின்படி மூன்று வருடங்களில் இறப்பு 32 சதவீதம் குறைந்தது. கடைசி இரண்டு வருடங்களை மட்டும் எடுத்தால் 45 சதவீதம். முதல் வருடத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆறு மாதத்தில் பலன் எங்கே என்று கேட்டிருந்தால் இந்தத் திட்டமே மூடப்பட்டிருக்கும்.

இதே முறை வங்கதேசத்தில் முதல்முறை செய்தபோது பலன் தரவில்லை. அங்கே ஏறத்தாழ 1,400 பேருக்கு ஒரு குழு என்ற கணக்கில் இருந்தது, கர்ப்பிணிகளில் மிகச் சிலரே வந்தார்கள். பிறகு குழுக்களை நெருக்கமாக்கி, 300 பேருக்கு ஒன்று என்ற அளவுக்குக் கொண்டு வந்தபோது இறப்பு 38 சதவீதம் குறைந்தது. இப்படிப்பட்ட ஏழு சோதனைகளை 2013இல் சேர்த்துப் பார்த்தார்கள். கர்ப்பிணிகளில் குறைந்தது 30 சதவீதம் பேர் கலந்துகொண்ட இடங்களில்தான் பெரிய மாற்றம் தெரிந்தது. சிறிய திட்டம் என்றால் சிறிய இடத்தில் எல்லோரையும் எட்டும் திட்டமாக இருக்க வேண்டும் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். பெரிய இடத்தில் தொட்டுத் தொட்டுப் போவதால் ஒன்றும் நடக்காது. சில நூறு குடும்பங்கள் என்பது பத்துப் பேருக்குச் சரியான அளவு. பக்கத்துக் குடியிருப்பும் கேட்கிறது என்று முதல் வருடத்திலேயே விரிக்காதீர்கள்.

மனநலத்துக்கு வருகிறேன். ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் ஹராரேயின் ம்பாரே பகுதியில் தொடங்கிய 'நட்பு பெஞ்ச்' பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாட்டில் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள், மருத்துவமனையில் அறையும் கிடைக்கவில்லை. கிடைத்தது 14 பாட்டிமார். ஏற்கெனவே சமூக சுகாதாரத் தொண்டர்களாக இருந்தவர்கள், அந்த ஊர் மக்கள் மதிப்பவர்கள். மருத்துவமனை வளாகத்தில் மரத்தடியில் ஒரு பெஞ்ச் போட்டு, வந்தவரோடு உட்கார்ந்து பேசினார்கள். வெறுமனே ஆறுதல் சொல்லி அனுப்பவில்லை. மனதை அழுத்தும் பிரச்சினைகளை வரிசையாகச் சொல்லச் செய்து, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அடுத்த சந்திப்புக்குள் செய்யக்கூடிய ஒரு காரியத்தை முடிவு செய்து அனுப்புவார்கள். அடுத்த முறை அது என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். 573 பேரை வைத்துச் செய்த சோதனையின் முடிவு 2016இல் வந்தது. 6 மாதத்துக்குப் பிறகு, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடப் பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் வெகுவாகக் குறைந்திருந்தன.

இதைப் பார்த்து நாளையே ஒரு பெஞ்ச் வாங்கிப் போட்டுவிடக் கூடாது. அந்தப் பாட்டிமாருக்குப் பயிற்சி இருந்தது, மேற்பார்வை இருந்தது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உள்ளவர் வந்தால் உடனே யாரிடம் ஒப்படைப்பது என்பது முன்பே முடிவாகியிருந்தது. அந்தக் கடைசி ஏற்பாடு இல்லாத இடத்தில் மனநலத் திட்டம் எதையும் தொடங்காதீர்கள். யாரை அழைப்பது, எங்கே கூட்டிப் போவது, இரவு பத்து மணிக்கு என்றால் என்ன செய்வது என்று எழுதி வைத்த பிறகே முதல் ஆளோடு பேசுங்கள்.

பயிற்சி இல்லாதவர்களும் செய்யக்கூடியது, தனிமையைக் குறைப்பது. 148 ஆய்வுகளைச் சேர்த்து 2010இல் செய்த ஒரு கணக்கில், வலுவான உறவுகள் உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. ஆனால் 'தனிமையில் இருப்போர் வாருங்கள்' என்று அறிவித்தால் யாரும் வரமாட்டார்கள். கையில் ஒரு வேலை வேண்டும். ஆஸ்திரேலியாவில் வயதான ஆண்களுக்காகத் தோன்றிய 'மென்ஸ் ஷெட்' கூடங்களில் மரவேலை, பழுதுபார்ப்பு என்று ஏதாவது செய்துகொண்டே இருப்பார்கள், பேச்சு தானாக வரும். நடைக்குழுவும் அப்படித்தான். லண்டனின் புஷி பார்க்கில் 2004 அக்டோபர் 2 அன்று 13 பேர் 5 கிலோமீட்டர் ஓடியதில் தொடங்கிய பார்க்ரன், கட்டணம் இல்லாமல், தன்னார்வலர்களை வைத்தே பல நாடுகளுக்குப் பரவியது. நடந்தே முடிப்பவர்களும் ஏராளம். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு என்ற உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையை ஆட்களை விரட்டி நிறைவேற்ற முடியாது. 'இன்று அவரைக் காணோமே' என்று கேட்க ஒருவர் இருந்தால் தானாக நடக்கும்.

சுற்றுப்புறம் பற்றியும் கொஞ்சம். பிலடெல்பியாவில் குப்பையும் புதருமாகக் கிடந்த 541 காலி மனைகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பங்கில் குப்பையை அகற்றி, மண்ணைச் சமப்படுத்தி, புல்லும் சில மரங்களும் நட்டு, தாழ்வான மரவேலி போட்டு, தொடர்ந்து பராமரித்தார்கள். ஒரு பங்கில் குப்பை மட்டும் அகற்றினார்கள். ஒரு பங்கை அப்படியே விட்டார்கள். 2018இல் வந்த முடிவில், பசுமையாக்கிய மனைகளுக்கு அருகில் வசித்தவர்களில் மனச்சோர்வாக உணர்வதாகச் சொன்னவர்கள் 40 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தார்கள். குப்பை மட்டும் அகற்றிய இடங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. துப்புரவு நாள் நடத்திப் படம் எடுத்துக்கொண்டு போகும் குழுக்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

டெங்கு பரவும் பகுதி என்றால் கொசுப்புழு ஒழிப்பு நல்ல தேர்வு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். அதனால் நீர் தேங்கும் பாத்திரங்களை வாரம் ஒருமுறை காலி செய்ய வேண்டும். முட்டைகள் பாத்திரத்தின் உள்பக்கச் சுவரில் ஒட்டி, காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும் என்பதால் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். நிகரகுவாவிலும் மெக்சிகோவிலும் மக்களையே திரட்டி இப்படிச் செய்த இடங்களில், குழந்தைகளிடையே டெங்குத் தொற்று ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது.

சிறு குழந்தைகள் அதிகம் உள்ள பகுதியில் கைகழுவுதலை நான் முதலில் வைப்பேன். கராச்சியின் ஏழைக் குடியிருப்புகளில் நடந்த சோதனையில், சோப்பும் கொடுத்து, வாரந்தோறும் வீட்டுக்குப் போய்ப் பேசியபோது, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் நிமோனியா 50 சதவீதம் குறைந்தது. வயிற்றுப்போக்கும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குறைந்தது. சோப்பு, வாரந்தோறும் ஒரு வருகை, இரண்டும் சேர்ந்து.

வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 1980 முதல் 1990 வரை வீடு வீடாகப் போய், ஒரு கோடிக்கும் அதிகமான வீடுகளில், வயிற்றுப்போக்குக்கு உப்பும் வெல்லமும் கலந்த கரைசல் தயாரிக்கக் கற்றுக்கொடுத்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது சம்பள முறை. எத்தனை வீட்டுக்குப் போனார்கள் என்று பார்க்காமல், சில வாரம் கழித்து வேறொருவர் போய்ச் சில தாய்மார்களைச் சோதித்து, அவர்களுக்கு எவ்வளவு நினைவிருக்கிறது, கரைசலைச் சரியாகக் கலக்கிறார்களா என்பதை வைத்துக் கற்றுக்கொடுத்தவருக்கு ஊதியம் கணக்கிட்டார்கள். நீங்கள் சம்பளம் தரப்போவதில்லை. ஆனால் அந்தச் சோதனையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். 'எத்தனை பேர் வந்தார்கள்' என்பதை எழுதி வைப்பதைவிட, மாதம் ஒருமுறை பத்து வீட்டைக் குலுக்கிப்போட்டு எடுத்து, அங்கே என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள். (கரைசல் தேவைப்பட்டால் பொட்டலம்தான் சிறந்தது. கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து.)

எதைத் தேர்ந்தெடுப்பது? முதல் ஒரு மாதம் எதையும் தொடங்காமல் வீடு வீடாகப் போய்க் கேளுங்கள். 'உங்களுக்கு என்ன வேண்டும்' என்று கேட்டால் எதிர்பார்க்கும் பதில்தான் வரும். 'போன மாதம் உங்கள் வீட்டில் யாராவது உடம்பு சரியில்லாமல் படுத்தார்களா, வேலைக்கோ பள்ளிக்கோ போகவில்லையா, என்ன செய்தீர்கள், எவ்வளவு செலவாயிற்று' என்று கேளுங்கள். கூட்டத்துக்கு வராதவர்களிடம் கட்டாயம் கேளுங்கள்: படுக்கையில் இருப்பவர், அவரைப் பார்த்துக்கொள்பவர், இரவு வேலைக்குப் போகிறவர், புதிதாகக் குடிவந்தவர். பிறகு ஒரு வரைபடத்தில் புள்ளி வையுங்கள். 1854இல் லண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் காலரா சாவுகளை அப்படித்தான் குறித்துப் பார்த்து, பிராட் தெருவின் கிணற்றுக் கைப்பம்பைச் சுட்டினார். அவரோடு சேர்ந்து நினைக்க வேண்டியவர் ஹென்றி வைட்ஹெட் என்ற உள்ளூர்ப் பாதிரியார். முதலில் ஸ்னோ சொன்னதை அவர் நம்பவில்லை. ஒவ்வொரு குடும்பத்தையும் நேரில் தெரிந்தவர் என்பதால் வீடு வீடாக விசாரித்து, கடைசியில் அந்தக் கிணற்றுக்கு அருகில் இருந்த வீட்டில் நோயுற்ற ஒரு குழந்தைவரை கண்டுபிடித்தது அவர்தான். உங்கள் பத்துப் பேரிடம் இருப்பது அந்தப் பாதிரியாரின் பலம். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து வரும் நிபுணருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அதே காரணத்தால் நோட்டைப் பூட்டி வையுங்கள். யாருக்கு என்ன நோய் என்பது ஒரே ஒரு முறை வெளியே கசிந்தாலும் அடுத்த வாரம் நாற்காலி காலியாகத்தான் இருக்கும்.

ஆட்கள் களைப்படைவதையும் இப்போதே திட்டமிடுங்கள். ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு பேர், ஒருவர் இல்லாவிட்டால் மற்றவர். ஒருவரே எல்லாவற்றையும் சுமக்கும் திட்டம் அவர் வீட்டில் ஒரு பிரச்சினை வந்ததும் நின்றுவிடும். பொருளாக எதையாவது கொடுத்தால் அதைப் பழுதுபார்ப்பது யார் என்பதையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். ஒடிசாவில் புகை குறைந்த அடுப்புகள் கட்டிக் கொடுத்து ஆய்வு செய்தபோது, முதல் வருடத்தில் புகை குறைந்தது. பிறகு வீட்டார் அவற்றை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, பழுதும் பார்க்கவில்லை. உடல்நலத்தில் நீடித்த பலன் எதுவும் தெரியவில்லை.

ஆக, உங்கள் நிலைமைக்கு நான் சொல்வது: குழுவில் ஒரு செவிலியரோ பக்கத்தில் ஒத்துழைக்கும் மருத்துவரோ இருந்தால் ரத்த அழுத்த மேசை. இல்லாவிட்டால் வாரம் ஒருமுறை நடைக்குழு, அதோடு வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்களைப் போய்ப் பார்த்து வருவது. முதல் வருடம் இதில் ஒன்று மட்டும். தொடங்கும் முன் இன்றைய நிலையை எழுதி வையுங்கள்: எத்தனை பேருக்கு அளவு கட்டுக்குள் இருக்கிறது, அல்லது எத்தனை முதியவர்கள் போன வாரம் யாரோடும் பத்து நிமிடம் பேசவில்லை. பன்னிரண்டாம் மாதம் அதே கேள்வியை அதே வீடுகளில் கேளுங்கள். எண் நகரவில்லை என்றால் முறையை மாற்றுங்கள். நகர்ந்திருந்தால், இரண்டாம் வருடத்துக்கான பொறுப்பாளர்களை அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்களிலிருந்தும், கூட நடந்தவர்களிலிருந்தும் தேர்ந்தெடுங்கள்.